சுருட்டையின் கை தெரியவில்லை

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அந்தத் தையல்காரரின் காதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டுப் போனது. அப்போது அவருக்குப் பேச்சுகூடச் சரியாக வந்திருக்கவில்லை. அதனால் சத்தம் என்றால் எப்படி இருக்கும் என்று அவருக்கு நினைவில்லை. இழந்துவிட்டோமே என்ற வருத்தமும் இல்லை. கையால் பேசினார், கண்ணால் கேட்டார். காது கேளாதோர் பள்ளியின் விடுதியில் வளர்ந்தவருக்கு அது போதுமானதாகவே இருந்தது. தன்னைப் போலவே கையால் பேசும் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. இருவரும் எவ்வளவு சண்டை போட்டாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஆனால் சண்டையின் நடுவில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிடுவாள். அதன் பிறகு இவர் என்ன கத்தினாலும் அங்கே போய்ச் சேராது.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சு நின்றது. மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, நீளம் குறைக்க வேண்டிய பேன்ட்டுகள் தொங்கும் கம்பி. பின்னறையில் கட்டிலும் அடுப்பும். வாடிக்கையாளர்கள் வருவார்கள், இடுப்பைப் பிடித்துக் காட்டுவார்கள், இவர் சாக்பீஸால் கோடு போடுவார், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். தொழிலுக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை. நாள் முழுக்கக் கைகளுக்கு வேலை இருந்தது. ஆனால் அந்தக் கைகள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மிச்சமிருந்தது சுருட்டை ஒருவன்தான். விடுதியில் பக்கத்துக் கட்டில்காரன். கையால் பேசுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் வைத்துக்கொள்வது வாயால் அல்ல. காதோரம் விரலைச் சுழற்றிக் காட்டினால் அது சுருட்டை. ஊசியில் நூல் கோப்பதுபோல் இரண்டு விரலைச் சேர்த்து இழுத்தால் அது இவர். சுருட்டையின் தலை எப்போதோ வழுக்கையாகிவிட்டது. பெயர் மட்டும் முடியோடு இருந்தது. அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்று, தூரத்து நகரம் ஒன்றில் மகன் வீட்டில் இருந்தான். மகனுக்குக் காது கேட்கும். அப்பாவோடு பேச அவன் கற்று வைத்திருந்தது சாப்பாடு, தூக்கம், மாத்திரை, குளியல் அளவுக்குத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுப் போனை மேஜையில் சாய்த்து வைப்பார். திரையின் அந்தப் பக்கம் சுருட்டை வந்து உட்காருவான். பிறகு இருவரும் கை ஓயும் வரை பேசுவார்கள். பெரிதாக ஒன்றும் இருக்காது. எவனோ புது மாப்பிள்ளை கோட்டைக் கொடுத்துவிட்டு வாங்க வரவே இல்லை என்று இவர் சொல்வார். மருமகள் வாங்கின நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று அவன் சொல்வான். அந்த நேரத்துக்காகத்தான் இவர் மிச்ச நேரத்தை ஓட்டினார் என்று சொன்னால் தப்பில்லை.

பழைய இன்டர்நெட் இணைப்புக்காரன் கடையை மூடிக்கொண்டு போனபோது, புது நிறுவனத்தின் விற்பனை ஆள் ஒருவன் படியேறி வந்தான். இவர் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டியதும் அவன் தயங்கவில்லை. வலது கையை விமானம்போல் மேலே பறக்கவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவன் கையை உபயோகித்தது இவருக்குப் பிடித்துப்போயிற்று. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

விமானம் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. முதல் வாரமே சுருட்டையின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது. காது கேட்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. படம் நின்றாலும் குரல் வந்துகொண்டிருக்கும், பேச்சு ஓடிவிடும். இவர்களுக்குப் படம்தான் குரல். சுருட்டை கையை அசைத்தால் அங்கே வெளிர்நிறத்தில் ஒரு புகைதான் தெரிந்தது. புகை கலைந்து கை தெரியும்போது அவன் அடுத்த வாக்கியத்தில் இருந்தான்.

"திரும்பச் சொல்லு," என்பார் இவர்.

அவன் திரும்பச் சொல்வான். மறுபடியும் புகை.

"உன் லைன் சரியில்லடா. நாளைக்குப் பேசலாம்," என்று அவன் முடித்துக்கொள்வான். அது மட்டும் எப்படியோ தெளிவாகத் தெரிந்துவிடும்.

நாளாக ஆக இவர்கள் பேச்சு கட்டை விரலும் கையசைப்புமாகச் சுருங்கிவிட்டது. நலமா, நலம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். மகனோடு அவன் பேசுகிற அளவுக்கு வந்துவிட்டதே என்று இவருக்கு வயிறு எரிந்தது.

நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் புகார் எழுதினார். எழுத்து அவருக்கு இரண்டாம் மொழி. சின்னச் சின்னதாகத்தான் வரும். 'இன்டர்நெட் மெதுவு. கை தெரியவில்லை. நிறுத்த வேண்டும்' என்று எழுதினார். ஒப்பந்தத்தை நடுவில் முறிக்க இந்த எண்ணை அழைக்கவும் என்று பதில் வந்தது. எனக்குக் காது கேட்காது, எழுத்தில் பதில் வேண்டும் என்று எழுதினார். உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உடனடி உதவிக்கு இந்த எண்ணை அழைக்கவும் என்றது பதில். எதிர்ப்பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பஸ் பிடித்து அவர்கள் அலுவலகத்துக்கே போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினாள். உதடு தெரியவில்லை. இவர் தான் எழுதியதைக் காட்டினார். அவள் படித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'உங்கள் கையில் என்ன பிரச்சினை?'

'கை சரி. உங்கள் இன்டர்நெட்தான் பிரச்சினை' என்று இவர் எழுதினார்.

அவள் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். ஆனாலும் அவள் கையில் ஒன்றும் இல்லை. பாதியில் நிறுத்தினால் மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும்; கட்டாமல் நிறுத்த வேண்டுமானால் போனில் பேசித்தான் கேட்க வேண்டும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரே பேச வேண்டும் என்று எழுதினாள். பிறகு உதவி செய்கிற எண்ணத்தில் இன்னொரு வரியும் எழுதினாள்: 'வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?'

இவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நெளிய ஆரம்பித்தார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்குக் கீழே ஒரு சலவைக் கடை இருந்தது. கடையை நடத்துகிறவள் நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியின் புஸ்ஸென்ற ஆவிக்கும் துவைக்கும் மெஷினின் இரைச்சலுக்கும் மேலே பேசிப் பேசி, வாயை அகலத் திறந்து ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்புவாள். தெருவே அவள் குரலுக்குப் பயந்தது. இவருக்கோ, தெருவில் உதடு படிக்கச் சுலபமான ஒரே ஆள் அவள்தான். அன்று இவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே நிறுத்தினாள்.

"என்னண்ணே, யாரு என்ன சொன்னாங்க?"

இவர் அலுவலகத்தில் எழுதிய தாளைக் கொடுத்தார். அவள் படித்தாள். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"காது கேக்காதவர போன்ல பேசச் சொல்றாங்களா? நல்லா இருக்கு கதை. உக்காருங்க. நான் பேசறேன்."

பிற்பகல் நேரம், கடையில் கூட்டமில்லை. மடித்து வைத்த படுக்கை விரிப்புகளின் மேல் போனை வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டுக் காத்திருந்தாள். இவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் பக்கத்துப் பேச்சு மட்டும்தான்.

"நான் அவரு வீட்டுக்குக் கீழ கடை வச்சிருக்கேன்… இல்லீங்க, சொந்தம் இல்ல… அவருக்குக் காது கேக்காதுங்க. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு… அதெப்படிங்க அவரே பேசுவாரு? அத முடியாதுன்னுதான நான் பேசறேன்… என்னது, விதியா? அந்த விதிய எழுதினவருக்குக் காது இருந்துச்சா, வாய் மட்டும் இருந்துச்சா?"

நெடுநேரம் அப்படிப் போயிற்று. கடைசியில் அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். இந்த முறை மெதுவாகச் சொன்னாள்.

"உங்க குரல்ல ஒரு வார்த்தையாவது பதிவாகணுமாம். உங்க சம்மதம்தான்னு. நீங்க எப்பவாவது பேசுவீங்களாண்ணே?"

பேசத் தெரியாமல் இல்லை. பள்ளியில் பேச்சு வகுப்பு என்று ஒன்று இருந்தது. வாத்தியார் இவர் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொள்வார். உதட்டுக்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்து அது துடிக்கும் வரை ஊதச் சொல்வார். வருஷக்கணக்கில் துடிக்க வைத்திருக்கிறார். இளவயதில் ஒருமுறை ஓடும் பஸ்ஸில், இறங்குமிடம் தாண்டிவிட்ட பதற்றத்தில், நிறுத்துங்கள் என்று குரல் கொடுத்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முன் இருக்கையில் அம்மா மடியில் இருந்த குழந்தை இவரைப் பார்த்து அழ ஆரம்பித்தது. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு மூடிய வாய்தான். மனைவிகூட அவர் குரலால் பேசிப் பார்த்ததில்லை; பார்த்திருந்தாலும் காது கேளாத அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

போனைப் பார்த்தார். பிறகு சலவைக்கடைக்காரியைப் பார்த்தார். தொண்டையில் கையை வைத்துக்கொண்டார்.

"நா… ந்தா… ன்," என்றார். "வே… ண்டா… ம். நி… று… த்து."

தொண்டை அதிர்ந்தது கையில் தெரிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. மிச்சத்தை அவள் முகத்தில் தேடினார். துணி வாங்க வந்து வாசலில் நின்ற ஒருவர் சட்டென்று திரும்பியதைக் கடைக்கண்ணில் பார்த்தார். அவள் முகம் மட்டும் மாறவில்லை. வழக்கமாக யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எதிர்முனையில் இன்னொரு தடவை கேட்டார்கள் போலிருக்கிறது. அவள் இவரை மறுபடி சொல்லச் சொல்லவில்லை.

"நல்லாத்தான் சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. உங்களுக்குக் கேக்கலேன்னா அது யாரு குத்தம்? எழுதிக்கிங்க," என்றாள்.

எழுதிக்கொண்டார்கள். ஆள் அனுப்பி அளந்து பார்ப்பார்கள், சொன்ன வேகம் வரவில்லை என்றால் ஒரு பைசா கட்டாமல் விலகிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இவர் படியேறி மேலே போனார். அன்று மெஷினைத் தொடாமல் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.

லைன் பார்க்க வந்தவருக்கு அடர்ந்த மீசை. உதடு மீசைக்குள் போய்விட்டதால் அவர் சொன்னது ஒன்றும் பிடிபடவில்லை. சலவைக்கடைக்காரி கூடவே வந்து நின்று, அவர் சொன்னதைத் தன் வாயால் திரும்பச் சொன்னாள்.

"தெருமுனைப் பெட்டியிலிருந்து இங்க வர்ற கம்பி ரொம்பப் பழசாம். பக்கத்துக் கட்டடத்தச் சுத்திக்கிட்டு வருதாம். வழியிலேயே வேகமெல்லாம் தீந்துபோயிடுதாம். இப்போதைக்கு மாத்தித் தர மாட்டாங்களாம். உங்கமேல தப்பில்லேன்னு எழுதிக் குடுக்கறேங்கறாரு."

சில நாட்களில் போனுக்குச் செய்தி வந்தது. ஒப்பந்தம் முடிந்தது, கட்டணம் எதுவும் இல்லை, நீங்கள் எங்களை விட்டுப் பிரிவது வருத்தமளிக்கிறது. அதைப் படித்துவிட்டு இவர் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சலவைக் கடைக்கு இணைப்புக் கொடுத்திருந்த நிறுவனமே மாடிக்கும் புதிதாக ஒரு கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துத் தந்தது.

புது லைன் வந்த அன்று இவர் சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுருட்டை திரையில் வந்தான். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல் இருந்தது. புருவம் முழுக்க நரைத்திருந்தது தெரிந்தது. சட்டையில் பட்டன்கள் ஒரு துளை மாறிப் போட்டிருந்தது தெரிந்தது. தையல்காரர் கண்ணுக்கு அது முதலில் படாமல் இருக்குமா. பிறகு அவன் கையைத் தூக்கினான். கை கலங்கியது.

ச்சே, இந்த லைனும் இப்படியா என்று நினைத்தார் இவர். சுருட்டைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதில் சிவப்பு முள் தடையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரை காற்றில் மெல்ல ஏறி இறங்கியது. எல்லாம் தெளிவு. அந்த வலது கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

சுருட்டை இவர் கண்ணைப் பார்த்துவிட்டான். கையைக் கீழே இறக்கி மடியில் மறைத்துக்கொண்டு, இடது கையால் சொன்னான்.

"லைன் இன்னும் சரியாகல போலடா."

"லைன் நல்லா இருக்கு," என்றார் இவர். "எப்பலேர்ந்து?"

அவன் பக்கவாட்டில் பார்த்தான். கையால் பேசுகிறவன் முகத்தைத் திருப்பினால் அது கதவைச் சாத்துகிற மாதிரி. இவர் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து அவன் திரும்பினான்.

"ரொம்ப நாளாச்சு. நீ லைன் மாத்தறதுக்கு முன்னாடியே லேசா இருந்துச்சு. நரம்புக் கோளாறாம், போகாதாம். உனக்கு அந்த மட்டமான லைன் வந்துச்சா, எனக்கு வசதியாப் போச்சு. நீ திரும்பச் சொல்லுன்னு கேட்டா, லைன்மேல பழியப் போட்டுக்கலாம்ல."

"எங்கிட்ட ஏண்டா மறைச்ச?"

"மத்தவங்களுக்குக் கை நடுங்கினா காபி சிந்தும். எனக்குப் பேச்சே குளறுது. நடுக்கம் வீட்ல தெரியும், பேச்சு குளறறது யாருக்கும் தெரியாது, அவங்க என் பேச்சப் பார்க்கறதே இல்ல. தெரியப்போறது நீ ஒருத்தன். உனக்குக் கொஞ்ச நாள் தெரியாம இருக்கட்டும்னு பாத்தேன்."

அவ்வளவு பாடுபட்டு, வெளியில் வராத குரலையும் வெளியில் எடுத்துப் பெற்ற தெளிவு இதைக் காட்டத்தானா என்று இவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபம் என்று பார்த்தால் ஆள் இல்லை. அன்று இருவரும் சீக்கிரமே முடித்துக்கொண்டார்கள்.

மறுநாள் சுருட்டை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. 'அப்பா கொஞ்சம் களைப்பா இருக்கார் அங்கிள், அப்புறம் கூப்பிடச் சொல்றேன்' என்று மகனிடமிருந்து செய்தி வந்தது. இவர் ஒவ்வொரு சாயங்காலமும் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். லைன் மின்னல் வேகம். அதில் வருவதற்கு ஆள் இல்லை. இருண்ட திரையில் மேஜை விளக்கும் தன் முகமும் தெரியும். சில சமயம் அந்த முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்ல விரல் அசையும். வெட்கமாக இருக்கும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். மனைவி இறந்த வருஷம்கூட வீடு இப்படி வெறிச்சோடியதில்லை; அப்போது சொல்லி அழச் சுருட்டை இருந்தான்.

ஒரு வாரம் போல் அப்படியே கழிந்தது. ஒருநாள் காலையில், வாடிக்கையாளர் துணிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். சுருட்டையின் அளவு அவருக்கு மனப்பாடம். ஆனால் திரையில் பார்த்த தோள் இறங்கியிருந்தது, கழுத்து மெலிந்திருந்தது. அதற்கேற்பக் குறைத்து வெட்டினார். குறைக்கிற ஒவ்வொரு விரல்கடையும் அவருக்கு வலித்தது. பட்டன் துளைகளைத் தைக்காமல், உள்பக்கம் அழுத்தினால் மூடிக்கொள்ளும் பட்டன்களை வைத்தார். வெளியே, துளையில் மாட்டியதுபோல், சாதாரணப் பட்டன்களைச் சும்மா தைத்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்று சட்டைகள் தைத்து, இஸ்திரி போடக் கீழே கொண்டுபோனார். சலவைக்கடைக்காரி ஒன்றைத் திறந்து மூடிப் பார்த்தாள். யாருக்கு என்று கேட்கவில்லை. கசங்காமல் மடித்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையசைத்தாள்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் போன் வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. சுருட்டை புதுச்சட்டையில் உட்கார்ந்திருந்தான். பட்டன்கள் நேராக இருந்தன.

"நானே போட்டுக்கிட்டேன்," என்றான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு நேரமாயிற்று.

"தோள் எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு. கழுத்துதான் கொஞ்சம் லூசு."

"கழுத்து லூசு இல்ல. நீ ஒழுங்காச் சாப்பிடறதில்ல."

அவன் உதட்டைப் பிதுக்கினான். பிறகு மடியிலிருந்து வலது கையை எடுத்துத் திரையில் தெரியும்படி வைத்தான். இவரும் பார்வையை விலக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சை வேறு விதமாக ஆக்கிக்கொண்டார்கள். பெரிய வீச்சுகளை விட்டுவிட்டு நெஞ்சோடு ஒட்டிச் சின்னதாகப் பேசினார்கள். வலது கை மறுத்தால் இடது கை செய்யும். அதுவும் களைத்துப்போனால் புருவம், தோள், உதடு. சில சொற்கள் போயே போய்விட்டன. நீள விரல்களால் காட்டும் நையாண்டிகளை அவன் இனிமேல் செய்ய முடியாது. சில நாட்களில் இவர் மட்டும் பேசுவார், அவன் தலையாட்டுவான். எல்லா நாளும் நல்ல நாளாக இல்லை. இந்த வழி எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு சாயங்காலம் சுருட்டைக்குக் கை கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது. விடுதிக் கதை ஒன்றை ஆரம்பித்தான். அவர்கள் பள்ளியில் மணியடிக்க ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தார்கள். காது கேளாதோர் பள்ளிக்கு மணி. மனிதர் பொறுப்பாக மணிக்கு மணி அடிப்பார். ஒருநாள் சுருட்டை அந்த மணியின் நாக்கைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டான். அந்த ஆள் அன்று முழுக்க நாக்கில்லாத மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார். வருஷக்கணக்காக அடித்து அடித்து அவருக்கும் காது போயிருந்தது. அதுவரை அது யாருக்கும் தெரியாது.

இவருக்குத் தெரிந்த கதைதான், எத்தனையோ முறை பார்த்த கதை. அவன் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தான். நடுவில் நின்றான், மூச்சு வாங்கினான், விட்ட இடத்தைத் தேடினான். இவர் உதவிக்குப் போகவில்லை. மணியை ஆட்டும் இடம் வந்தது. சுருட்டை வலது கையைத் தூக்கினான். கை தன்பாட்டுக்கு ஆடியது, நிறுத்த முடியாமல் ஆடியது. அவன் அந்தக் கையையே ஒரு கணம் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான்.

முதலில் சிரித்தது அவன்தான்.